தண்ணீர் நிறுத்திய கோடை

வெலிங்டன்,
4 நவம்பர் 1979

எருவேரா அண்ணா,

ஈஸ்டர் சண்டைக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நம்மிடமிருந்து பிடுங்கிய மண்ணில், நம் ஆட்களின் தலைக்கு மேலேயே, கோல்ஃப் கிளப்புக்காகப் புல் வெட்டிச் சம்பளம் வாங்குகிறாய். வேலியே பயிரை மேய்கிறது என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

போன வாரம் எங்கள் வகுப்பை, நம் தலைவர்கள் பிரிட்டிஷ் ராணியோடு கையெழுத்துப் போட்ட 1840-ஆம் வருட ஒப்பந்தத்தைப் பார்க்க அழைத்துப் போனார்கள். ஓரமெல்லாம் எலி தின்றிருக்கிறது. நம் மூதாதை தே ஹுகியின் இடத்தைத் தேடினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிலுவைக் குறி போட்டிருந்தார்கள். அவர் மட்டும் தன் மூக்கின் ஓரத்தில் குத்தியிருந்த பச்சையை, அந்தச் சுருளை, அப்படியே மையால் வரைந்திருக்கிறார். நம் கூட்டவீட்டுத் தூணில் செதுக்கியிருக்கிறதே, அதே சுருள். முகத்தையே எடுத்துத் தாளில் வைத்துவிட்டார், அண்ணா. அவர் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. நிலமும் காடும் கடலும் நம் ஆட்கள் விரும்பும்வரை அவர்களுக்கே என்று அந்தத் தாளில் இருக்கிறது. நம் விருப்பத்தை யார் கேட்டார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். ரிமுரோவா நிலத்தைக் கிளப்புக்கே விற்றுவிட அரசாங்கம் முடிவு செய்திருக்கிறது. உலகச் சண்டைக் காலத்தில் விமானத்தளத்துக்காக இரவல் வாங்கினார்களே, அந்த நிலத்தை. விற்பதற்கு முன் ஆட்சேபம் கேட்க ஒரு விசாரணைக் குழு மார்ச்சில் அங்கே வருகிறது. அது இடுகாடு என்று நாம் நிரூபித்தால் விற்க முடியாது. ஆனால் அவர்களுடைய வரைபடத்தில் அந்த இடம் 'காலி மேய்ச்சல் நிலம்'. குழிகள் மேல் நட்டிருந்த மரக் குறிகளை எல்லாம் அவர்கள் அப்போதே எரித்துவிட்டார்கள்.

எங்கள் விரிவுரையாளர் ஒரு படம் காட்டினார். வறட்சியில் புல் காயும்போது, எங்கெல்லாம் ஒரு காலத்தில் ஆழமாகத் தோண்டி மூடினார்களோ அங்கெல்லாம் ஈரம் தங்கி, புல் மட்டும் பச்சையாக நிற்குமாம். புதைகுழியெல்லாம் வரிசையாகத் தெரியுமாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோல்ஃப் மைதானத்தில் ஆறாம் கொடி நட்டிருக்கிற திடல் எந்தக் கோடையிலும் காய்ந்து நான் பார்த்ததில்லை. நீதான் தண்ணீர் விடுகிறாய்.

இந்த ஒரு கோடைக்கு அதை நிறுத்து. வேறெதுவும் கேட்கவில்லை.

ஹூரியா

ரிமுரோவா,
15 நவம்பர் 1979

ஹூரியாவுக்கு,

முதலில் நம்மை விட்டுப் போனவர்களுக்கு வணக்கம். அவர்கள் அவர்களோடு இருக்கட்டும், மூச்சுள்ள நாம் நம்மோடு இருப்போம். கடிதத்தை இப்படித் தொடங்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது. வேலி, பயிர் எல்லாம் சொல்லித் தருகிறார்கள்.

எலி தின்ற தாளையாவது கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறார்களே, சந்தோஷம். தே ஹுகி தன் முகத்தைக் கொடுத்தார் என்று உருகுகிறாய். கொடுத்து என்ன வந்தது என்று அவரிடமே கேட்டிருக்கலாம்.

நான் சம்பளத்துக்குப் புல் வெட்டுகிறேன், உண்மைதான். நான் வெட்டாவிட்டால் யாரோ ஒருத்தன் வெட்டுவான். அவன் ஆறாம் கொடியில் உட்கார்ந்து ரொட்டி தின்பான். போனவர்கள் இருக்கிற இடத்தில் சாப்பாடு ஆகாது என்று அவனுக்கு யார் சொல்வது? நான் அங்கிருந்த பெஞ்சைப் பெயர்த்து ஏழாம் கொடிக்குக் கொண்டு போய் வைத்தேன். ஏன் என்று கேட்ட கிளப் செயலாளர் மக்ரேயிடம், "அங்க குளவி ஜாஸ்தி சார்" என்றேன். தினமும் அந்தத் திடலை விட்டு வெளியே வரும்போது பீர் பாட்டிலில் கொண்டு போன தண்ணீரைக் கையிலும் தலையிலும் தெளித்துக்கொள்வேன். சாவின் பக்கத்திலிருந்து வருகிறவன் செய்ய வேண்டியது அது. மக்ரே ஒரு நாள் பாட்டிலைப் பிடுங்கி மோந்து பார்த்தான். "என்னய்யா இது, வெறும் தண்ணியா?" என்றான். ஜின் இல்லையே என்று அவனுக்கு ஏமாற்றம்.

"ஆறாம் கொடிக்கு மட்டும் ஏன் இவ்ளோ தண்ணி விடற? பம்பு செலவு யாரு குடுக்கறது?" என்று ஒவ்வொரு கோடையும் கேட்பான். "அங்க மண்ணு கெட்டது சார், விடலேன்னா பொட்டல் ஆயிடும்" என்பேன். விட்டுவிடுவான்.

பச்சை தெரியும் என்று உன் விரிவுரையாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அப்பாவே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் எலும்பு எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்தால் அதை எடுத்துத் தூண்டில் முள் செய்து மீன் பிடிப்பான். அதனால்தான் நம் ஆட்கள் இடத்தை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "கை நீட்டிக் காட்டாதே" என்று அப்பா என் கையைப் பிடித்துச் சொன்னார். நீயோ, போட்டோக்காரனைக் கூப்பிட்டு அவர்களை வரிசையாக நிற்க வைக்கச் சொல்கிறாய்.

முடியாது. கிறிஸ்துமஸுக்கு வா. மிஹி அத்தை விலாங்கு மீனைப் புகை போட்டு உனக்காக வைத்திருக்கிறாள்.

எருவேரா

வெலிங்டன்,
2 டிசம்பர் 1979

அண்ணா,

எதிரி ஏற்கனவே அவர்கள் மேல் பந்து அடித்து விளையாடிக்கொண்டிருக்கிறான். தூண்டில் முள் ஒன்றுதான் பாக்கி. நீ தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பாய்.

மார்ச்சுக்குப் பிறகு நிலம் அவர்களுடையது. அப்புறம் அது அரசாங்கம் எடுத்த நிலம் இல்லை, பணம் கொடுத்து வாங்கிய நிலம். எந்தச் சட்டமும் திருப்பித் தராது. நீ எதைக் காப்பாற்றுகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. உன் வேலையையா?

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். கூட வகுப்புத் தோழர்கள் நாலு பேர் கேமராவோடு வருகிறார்கள். நீ மூடாவிட்டால் குழாயை நானே மூடுவேன். ஊருக்குள் வருவதற்கு முன் டவுன் கல்லறைக்குப் போய் அப்பாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். எப்போதும் போல. அவர் என்னைத் தடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கல்லில் கை வைத்தால் எனக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஹூரியா

ரிமுரோவா,
9 டிசம்பர் 1979

தங்கச்சி,

போனவர்களுக்கு வணக்கம். இருப்பவர்களில் உனக்கு முதல் வணக்கம், ஏனென்றால் இனி நான் எழுதப் போவது உனக்குத்தான் வலிக்கும்.

டவுன் கல்லறைக்குப் போகாதே. அப்பா அங்கே இல்லை.

அவர் சாகும்போது நீ பள்ளிக்கூட விடுதியில் இருந்தாய். கடைசி நாளில் என்ன சொன்னார் தெரியுமா? "என்னை டவுன்ல போட்டுட்டுப் போயிடாதடா. அங்க எனக்கு யாரைத் தெரியும்?" இத்தாலி வரை போய் ராஜாவுக்காகச் சண்டை போட்ட மனுஷன். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய தம்பி தங்கைகள் மேல் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, விஷக்காய்ச்சல் வருஷத்தில் ஒரே வாரத்தில் போன பிள்ளைகள். அவர்கள் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் எதையும் கேட்கவில்லை. உள்ளாட்சிக் கவுண்டி ஆபீஸில் போய்க் கேட்டேன். "கோல்ஃப் கிளப்ல பொணம் புதைக்கணுமா?" என்று சிரித்தார்கள். டவுனில் புதைத்தோம்.

மண்ணில் சில வருஷம் இருந்த பிறகு எலும்பை எடுத்து, அழுது, துடைத்து, சொந்த இடத்தில் மறைத்து வைப்பது நம் முன்னோர் எல்லோரும் செய்தது. நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் பிரிட்டிஷ் அணியோடு ரக்பி ஆட்டம் நடந்த சனிக்கிழமை, கிளப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. டவுன் கல்லறையிலும் இல்லை. காலையில் அங்கே எடுத்தேன், மத்தியானம் இங்கே வைத்தேன். வடிகால் வேலை என்று மக்ரேயிடம் முன்பே சொல்லியிருந்தேன். மிஹி அத்தை மட்டும் கூட இருந்தாள். நார்ப் பாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் லாரியில் வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டே வந்தாள். "இதோ வந்துட்டோம் தம்பி, பாலம் தாண்டிட்டோம், இன்னும் கொஞ்ச தூரந்தான்." திடலுக்கு வந்ததும், போனவரை வரவேற்கக் குரலை உயர்த்தி அழைக்க வேண்டியவள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழைத்தாள். அதைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை. இனி கேட்கவும் வேண்டாம்.

இதைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை. உனக்குச் சொல்லாததற்குக் காரணம், நீ உண்மை பேசுகிறவள். யாராவது கேட்டால் மறைக்க மாட்டாய்.

இப்போது யோசித்துப் பார். தண்ணீரை நிறுத்தினால் யார் முதலில் தெரிவார்கள்? எல்லாரையும் விடப் புதிதாகத் தோண்டிய மண் யாருடையது? பழையவர்கள் மங்கலாகத் தெரிவார்கள். அப்பா விளக்குப் போட்ட மாதிரி தெரிவார். கிளப் வக்கீல் என்ன சொல்வான்? "இவனுங்களே பொதைச்சு வெச்சுட்டு இடுகாடுன்னு சொல்றானுங்க" என்பான். மற்ற எல்லாரும் பொய்யாகிவிடுவார்கள்.

என் வேலையைக் காப்பாற்றுகிறேனா என்று கேட்டாய்.

எருவேரா

வெலிங்டன்,
11 ஜனவரி 1980

அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்று மிஹி அத்தை வருத்தப்பட்டிருப்பாள். யாருடைய முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை.

நீ எலும்பை எடுத்த பிறகும் நான் எத்தனை தடவை அந்தக் கல்லறைக்கு வந்தேன். இலைமாலை வைத்தேன். பரீட்சையில் தோற்றதை உன்னிடம் சொல்லவில்லை, அந்தக் கல்லிடம் சொன்னேன். ஒரு பையனைப் பற்றிச் சொன்னேன். பதில் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். நீ லாரியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தாய். "பேசி முடிச்சிட்டியா?" என்று கேட்டாய். எப்படி அண்ணா கேட்க முடிந்தது? எனக்குப் பதில் சொன்னது யார்? இந்த ஒரு மாதமாக ராத்திரி பகல் அதையேதான் யோசிக்கிறேன். யாரோ தெரியாதவர் என் ரகசியத்தை எல்லாம் கேட்டுக்கொண்டு போய்விட்ட மாதிரி இருக்கிறது.

உன்னை மன்னிக்க முடியவில்லை. ஆனால் நீ வைத்த இடம் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் மண்வெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்திருப்பேன். என்னைக் கூப்பிடாததுதான் என் முதல் கோபம் என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது.

சட்டம் படிக்கிற ஒருத்தியிடம், யாருக்கோ நடந்த மாதிரி, விசாரித்தேன். அனுமதியில்லாமல் எலும்பை எடுத்ததற்கு உன்னைச் சிறையில் வைக்கலாமாம். அப்பாவைத் தோண்டி எடுத்து மறுபடி டவுனுக்குக் கொண்டு போவார்களாம். இப்போது நாமே அவரை எடுத்துவிட்டால்? கிளறிய மண் கிளறிய மண்தான், பச்சை அப்படியே நிற்கும்.

அதனால் இப்போது நானே சொல்கிறேன். தண்ணீரை நிறுத்தாதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்று மனசுக்குள் உன்னைத் திட்டியவள் நான்தான். இனி நானும் சேர்ந்து மறைக்கிறேன். நிலம் போனால் போகட்டும். அவரை மறுபடி யாரும் தொட வேண்டாம்.

இதை எழுதியது என் கைதானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஹூரியா

ரிமுரோவா,
6 பிப்ரவரி 1980

தங்கச்சி,

போனவர்களுக்கு வணக்கம். அவர்கள் எல்லாரையும் இப்போது பார்த்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே மக்ரே ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினான். நிலம் கைக்கு வந்ததும் ஆறாம் கொடியை எடுத்துவிட்டு அங்கே புது விருந்துக்கூடம் கட்டப் போகிறார்கள். சமையலறை, பாட்டில் வைக்கிற அறை, எல்லாம். "உனக்கும் நல்லது எருவேரா, வெட்டறதுக்குப் புல்லு கம்மி" என்று முதுகில் தட்டினான். அப்பாவின் தலைக்கு மேல் இறைச்சி வறுப்பார்கள். அதற்கு முன் மண் வாரும் இயந்திரம் வரும். நான் தண்ணீர் விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? மத்தியானம் போய் வால்வை மூடினேன். உன் கடைசிச் சொல்லைக் கேட்கவில்லை. முதல் கடிதத்தில் சொன்னதைத்தான் கேட்டேன்.

பல நாள் ஒன்றும் இல்லை. திடல் முழுக்கப் பழுப்பாயிற்று. நடந்தால் காலடியில் நொறுங்கியது. பிறகு ஒரு காலையில் பனி விலகியதும் பார்க்கிறேன், ஓர் ஆள் நீளத்துக்குப் பச்சை. பக்கத்தில் இன்னொன்று. அடுத்த நாள் வந்தால் ஒரு வரிசை. எல்லாருக்கும் கடலைப் பார்த்துத் தலை. பெரியவர்கள் முதலில் வந்தார்கள். குழந்தைகளுக்கு ஆழமாகத் தோண்டியிருக்க மாட்டார்கள், அவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். அப்பாவின் தம்பி தங்கைகள் ஒன்றாக, தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். அவர்கள் ஓரத்தில் அப்பா. நான் சொன்ன மாதிரியே, விளக்குப் போட்டது போல.

எனக்குப் பயமாக இருந்தது. சொல்வதற்கு வெட்கமில்லை. இத்தனை வருஷம் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு அவர்கள் மேல் போனபோது அவர்கள் எனக்குக் கீழே இருந்தார்கள். இப்போது நான் எங்கே கால் வைத்தாலும் பார்க்கிறார்கள்.

சனிக்கிழமை ஆட்டக்காரர்கள் வந்தார்கள். முதலில் சிரித்தார்கள். ஒரு வயதானவர் பந்துக்குப் பின்னால் வந்தவர், அது ஒரு சின்னப் பச்சைக்குள் கிடப்பதைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பந்தை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

மக்ரே மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஏய், என்னய்யா பண்ணி வெச்சிருக்க? இதெல்லாம் என்ன?"

"எங்க ஆளுங்க சார். உங்களுக்கு முன்னாடியிலேர்ந்தே இங்கதான் இருக்காங்க."

"தண்ணியைத் தொற!"

"நான் வேலைய விட்டாச்சு சார். நீங்களே தொறந்துக்கங்க."

திறக்கத்தான் போனான். வால்வுப் பக்கத்தில் மிஹி அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. மறுநாளே பத்திரிகைக்காரன் வந்துவிட்டான்.

எருவேரா

வெலிங்டன்,
15 பிப்ரவரி 1980

அண்ணா,

படம் இங்கே எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. எங்கள் துறை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார்கள். பசங்க கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். ஒருத்தி ஓரத்தில் விரலை வைத்து, "இது ஒண்ணு மட்டும் ஏன் இவ்ளோ பச்சையா இருக்கு?" என்று கேட்டாள். விரல் அப்பாவின் மார்பில் இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மை பேசுகிறவள் என்றாயே.

தினமும் அந்த வழியாகத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். குழுவிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று எழுது. எழுதாமல் எதையும் செய்துவிடாதே.

ஹூரியா

ரிமுரோவா,
18 மார்ச் 1980

தங்கச்சி,

போனவர்களுக்கு வணக்கம்.

உனக்கு எழுதாமல் செய்துவிட்டேன். எழுதியிருந்தால் வந்து நின்று தடுத்திருப்பாய், நானும் செய்யாமல் விட்டிருப்பேன்.

விசாரணைக் குழு வந்தது. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. கூட ஒரு மண் நிபுணர். கிளப் வக்கீல் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இது விமானத்தளத்து வடிகால் பள்ளம். ஒன்னே ஒன்னத் தொறந்து பாருங்க, தெரிஞ்சுடும்" என்றான். நீதிபதியும் சரி என்றார். எதைத் திறப்பது என்று பேச்சு வந்தது. வக்கீல் கையை நீட்டினான், ஒரு குழந்தையை நோக்கி. அது சின்னது, வேலை சீக்கிரம் முடியும் என்று.

மிஹி அத்தை அப்படியே தரையில் விழுந்து அதை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். நம் ஆட்கள் எல்லாரும் முன்னால் வந்தார்கள். போலீஸும் முன்னால் வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் ரத்தம் சிந்தியிருக்கும்.

நான் சொன்னேன், "அந்தப் புள்ளைங்கள விட்ருங்கய்யா. ஒன்னத் தொறந்தே ஆகணும்னா, அதோ, ஓரத்துல இருக்காரே, அவரத் தொறங்க. அவரு எங்கப்பா. நாந்தான் வெச்சேன்."

வக்கீலுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. "கேட்டீங்களா? அவரே ஒத்துக்கறாரு! எல்லாம் இவங்க பொதைச்சதுதான்!" நீதிபதி என்னைப் பார்த்து, "இதோட விளைவு தெரியுமா உங்களுக்கு?" என்றார். "தெரியும்யா. வேற யாரும் தோண்டக் கூடாது, நானே தோண்டறேன்" என்றேன். அதற்கு மட்டும் சம்மதித்தார்.

பட்டப்பகல். கடலிலிருந்து காற்று. பாய் கொஞ்சம்கூட மக்கவில்லை. "அப்பா, நாந்தாம்பா, கொஞ்சம் எழுந்திரு, வேலை இருக்கு" என்று சொல்லித்தான் கை வைத்தேன். அவரை எடுத்து அத்தையின் மடியில் கொடுத்த பிறகு, மண் நிபுணர் குழிக்குள் இறங்கினார். ரொம்ப நேரம் அதன் பக்கச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு நீதிபதியைக் கூப்பிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விமானத்தளத்துக்காக 1942-இல் கொட்டிய சரளைக்கல் திடல் முழுக்க ஒரு சாண் ஆழத்தில் பரவியிருக்கிறது. அப்பாவின் குழியில் மட்டும் அது உடைந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு பழைய குழி, தலைமாட்டில் இன்னொரு பழைய குழி, இரண்டின் ஓரமும் சுவரில் தெரிகிறது. இரண்டுக்கும் மேலே சரளை உடையாமல் கிடக்கிறது. "இவர் ஒருவர்தான் பின்னால் வந்தவர். மற்றவர்கள் எல்லாரும் விமானத்தளத்துக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறார்கள். இவரைத் திறக்காமல் இருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது" என்றார். வக்கீல் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது ஒரு போலீஸ்காரன் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தான். தீர்ப்பு வரும்வரை அவர் சாட்சியமாம், வெலிங்டனில் இருக்க வேண்டுமாம். மிஹி அத்தை மடியை விட்டுக் கொடுக்கவில்லை. நான்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

என் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அது பெரிசில்லை. அவர் உன் ஊரில் இருக்கிறார். அங்கே அவருக்கு உன்னைத் தவிர யாரையும் தெரியாது.

எருவேரா

வெலிங்டன்,
29 ஏப்ரல் 1980

அண்ணா,

போனவர்களுக்கு வணக்கம். இருக்கிற உனக்கும் அத்தைக்கும் வணக்கம்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அப்பாவை வைத்திருந்த அரசாங்கக் கட்டிடத்துக்கு எதிரே போய் நின்றேன். மூன்றாவது மாடி. உள்ளே விடவில்லை. அதனால் நடைபாதையிலேயே நின்று பேசினேன். மழை பெய்தது, போகிறவர்கள் பார்த்தார்கள். கல்லிடம் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அந்தப் பையனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது முடிந்துபோன கதை.

தீர்ப்பு வியாழக்கிழமை வந்தது. நிலம் விற்கப்படாது. இடுகாட்டைச் சுற்றி வேலி போட்டு நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் என்னைக் கட்டிப் பிடித்தார்கள். விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குக் கீழே இன்னும் ஒரு பத்தி இருந்ததை யாரும் படிக்கவில்லை. அந்த இடுகாட்டில் இனிப் புதிய புதைப்பு எதற்கும் அனுமதி கிடையாது. சட்டத்துக்கு மாறாகக் கொண்டு வரப்பட்ட எலும்புகள் டவுன் கல்லறைக்கே திரும்ப வேண்டும்.

எல்லாரும் வீட்டில் இருக்கலாம், அவர்களுக்காகச் சாட்சி சொன்னவரைத் தவிர.

நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இன்று காலை போனேன். மேஜை மேல் அந்த அட்டைப்பெட்டி. அதன் மேல் குமாஸ்தாவின் டீக்கோப்பையும் பிஸ்கட் தட்டும்.

"அதை எடுங்க" என்றேன்.

"எதை?"

"உங்க டீயை. எங்கப்பா மேலேர்ந்து எடுங்க."

முகம் வெளுத்து எடுத்தான். பாவம், அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள். "நேரா டவுன் கல்லறைக்குத்தான கொண்டு போறீங்க? இங்க கையெழுத்துப் போடுங்க" என்றான். போட்டேன். பெயரை எழுதவில்லை. தே ஹுகியின் சுருளை வரைந்தேன். அவன் அதன் மேலேயே முத்திரை குத்தினான்.

பெட்டி இவ்வளவு லேசாக இருக்கும் என்று நீ எனக்குச் சொல்லவில்லை, அண்ணா. தெருவில் வந்து நின்றதும் அழுதுவிட்டேன். பிறகு என் கம்பளிச் சால்வையில் சுற்றினேன். இப்போது பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, அவரை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் இன்றைய தபால் லாரியில் போகும், நாளைக்கு உன் கையில் இருக்கும். நான் இரண்டு இரவு விடுதியில் தங்கி, நாளை மறுநாள் காலைப் பஸ்ஸைப் பிடிக்கிறேன். இடையில் ஒரு நாள் இருக்கிறது. அத்தையிடம் சொல்ல அது போதும்.

பஸ் டவுன் வரைக்கும் போகும், டிக்கெட்டும் டவுனுக்குத்தான் வாங்கியிருக்கிறேன். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ரிமுரோவா திருப்பத்திலேயே இறங்கிவிடுவோம். மண்வெட்டி இரண்டு கொண்டு வா. இந்தத் தடவை அத்தை வாயைப் பொத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

ஹூரியா